பிளாக்பூலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்தக் காணொளியை நான் இங்கே பகிரப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், சிலர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். வடமேற்கு இங்கிலாந்தின் கடற்கரைச் சுற்றுலா ஊரான பிளாக்பூலின் பின்தெருக்களில் ஒருவர் கேமராவோடு நடக்கிறார். பலகை அடித்த ஜன்னல்கள், பகலிலேயே பீர் டப்பாவோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், மொபிலிட்டி ஸ்கூட்டரில் போகும் ஒரு வயதான அம்மா. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உழைக்கச் சோம்பேறித்தனம், அதான் இந்த நிலைமை" என்று சொல்லி ஒரு சிரிப்பு. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. எனக்கு வலிப்பது அதுதான்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று, பதிவு முழுக்க அதையேதான் சொல்வேன். அந்த ஊர் தாழ்ந்ததற்குக் காரணம் அங்கே இருப்பவர்களின் சோம்பல் கிடையாது. அங்கிருந்த விடுதி வீடுகளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள், ஊருக்கு நடந்தது தானாகப் புரியும்.

பிளாக்பூலுக்கு ரயில் வந்தது 1846இல். லங்காஷயரின் பஞ்சாலை ஊர்கள் ஒவ்வொன்றும் கோடையில் ஒரு வாரம் ஆலைகளை மொத்தமாக மூடும். கொதிகலனைச் சுத்தம் செய்ய, எந்திரங்களைப் பழுதுபார்க்க. வேக்ஸ் வாரம் என்று பெயர். ஓல்டம் ஒரு வாரம், பர்ன்லி ஒரு வாரம், பிளாக்பர்ன் இன்னொரு வாரம் என்று முறை வைத்து மூடியதால் விடுதி அறைகள் கோடை முழுக்க நிறைந்தே இருந்தன. சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் 1938இல்தான் வந்தது. அதற்கு முன் அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. வருடம் முழுக்க வாரா வாரம் சில பென்னிகள் கட்டிச் சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள். 1863, 1868, 1893 என்று மூன்று கடற்பாலங்கள் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் உலாப் பாலங்கள்), 1885இல் மின்சார டிராம், 1894இல் 158 மீட்டர் கோபுரம், எல்லாம் அந்தத் தொழிலாளிகளின் காசில் நின்றவை. அவர்கள் நெய்த துணிக்கு மிகப் பெரிய சந்தையாக இருந்தது இந்தியா என்பதையும் சிரித்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த வீடுகளுக்கு வருகிறேன். மூன்று, நான்கு மாடியில் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வரிசை வீடுகள். ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஒரு முகம் கழுவும் தொட்டி, மாடிக்கு ஒரு கழிவறை. ஆரம்ப காலத்தில் விருந்தினர் கடையில் சாமான் வாங்கிக் கொடுக்க, வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். மேசையில் வைத்த உப்பு, மிளகுக் குப்பிக்குக்கூடத் தனிக் காசு வாங்கினார்கள் என்று இன்றுவரை கேலி செய்கிறார்கள். பதினைந்து இருபது வாரம் சம்பாதித்ததை வைத்து மீதி வருடத்தை ஓட்ட வேண்டியிருந்தது என்பதைக் கேலி செய்பவர்கள் யோசிப்பதில்லை. சீசனில் தங்கள் படுக்கையையும் வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு சமையலறையில் படுத்த பெண்கள் அவர்கள். அந்தப் பெண்கள் தூக்கி நிறுத்திய ஊரைப் பார்த்து சோம்பேறி என்ற வார்த்தை எப்படி வாயில் வருகிறது?

"ஸ்பெயினுக்கு விமானம் மலிவாயிற்று, அவ்வளவுதானே அண்ணா" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பாதி சரி. பேக்கேஜ் டூர் வந்தது, அதோடு பஞ்சாலைகளும் மூடின. கோபுரத்தின் பக்கத்திலேயே இருந்த, 14 நடைமேடை கொண்ட சென்ட்ரல் ரயில் நிலையத்தை 1964இல் இழுத்து மூடி, அந்த இடத்தை கார் நிறுத்தமாக்கினார்கள். ஆனால் இன்றும் பிளாக்பூலுக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் வருகைகள் இருக்கின்றன, தம்பி. கூட்டம் நிற்கவில்லை. ஒரு வாரம் தங்கியவர்கள் காலையில் வந்து இரவே திரும்புகிறவர்களாக மாறினார்கள். அடிபட்டது படுக்கைகள்.

அந்த நேரத்தில்தான் செலவும் ஏறியது. 1971 தீத்தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு விடுதிகள் தீச்சான்றிதழ் வாங்க வேண்டியதாயிற்று. தீ தாங்கும் கதவு, எச்சரிக்கை மணி, தப்பிக்கும் வழி. தேவையான சட்டம்தான், குறை சொல்லவில்லை. அடுத்து, அறைக்குள்ளேயே கழிவறை இருந்தால்தான் தங்குவோம் என்றார்கள் விருந்தினர்கள். இது எவ்வளவு கடினம் தெரியுமா? கழிவறைக் குழாய் 110 மில்லிமீட்டர். 40க்கு 1 என்று சரிவு வைத்தால் ஆறு மீட்டர் ஓட்டத்தில் 15 சென்டிமீட்டர் இறங்கியாக வேண்டும். மாடித்தளத்தைத் தாங்கும் மரச்சட்டத்தின் உயரமே சுமார் 20 சென்டிமீட்டர். அதில் அவ்வளவு பெரிய துளை போட்டால் தளம் தொங்கிவிடும். ஆக, பின்பக்கம் செங்குத்துக் குழாயை ஒட்டிய அறைகளுக்கு மட்டும் சுலபமாகக் கழிவறை வைக்கலாம். கடலைப் பார்த்த முன் அறைகள், அதிக வாடகை தரக்கூடிய அறைகள், மாட்டிக்கொள்ளும். கழிவை அரைத்துத் தள்ளும் பம்ப் வைத்தார்கள். யாராவது ஈரத்துடைப்புத் தாளை உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை இரவில். மூலையை மறித்துக் குளியலறை கட்டியதில் பன்னிரண்டு அறை ஏழெட்டாகச் சுருங்கியது. வருமானம் குறைய, கடன் ஏற, உப்புக்காற்றில் ஜன்னல் சட்டமும் பூச்சும் இரும்புக் கைப்பிடியும் தொடர்ந்து அரித்துக்கொண்டிருக்க, வயதான தம்பதி வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

வாங்கியவர் என்ன செய்தார்? அறைக்கு அறை ஒரு பூட்டு, இரண்டு சுருள் மின் அடுப்பு, முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டர். விடுதி அறை ஒற்றை அறைக் குடித்தனம் ஆயிற்று. இன்றைய சட்டப்படி ஒரு ஆள் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டர் இருந்தால் போதும்.

அடுத்து வருவதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள், ஊரின் நோய் இதில்தான் இருக்கிறது. தனியார் வீட்டில் இருக்கும் ஏழைகளுக்கு அரசு தரும் வாடகை உதவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை ஊருக்கு ஊர் வைப்பதில்லை, பெரிய வாடகைச் சந்தைப் பகுதிக்கு ஒன்றாக வைக்கிறார்கள். பிளாக்பூல் இருப்பது ஃபைல்டு கோஸ்ட் என்ற பகுதியில். அதே பகுதியில் லித்தம் செயின்ட் ஆன்ஸ் போன்ற வசதியான இடங்களும் இருக்கின்றன. வசதியான இடத்தின் வாடகையும் சேர்ந்து வரம்பை மேலே இழுக்கிறது. பிளாக்பூலின் பின்தெருவில் வீட்டு விலையோ அடிமட்டம். மலிவாக வாங்கி, துண்டு போட்டு, வரம்பு வரை வாடகை வைத்தால் பணம் அரசிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். வீட்டைச் செப்பனிட வேண்டிய அவசியமே இல்லை. ஈரச்சுவரோடு இருந்தாலும் ஆள் வரும், முன்பணம் கேட்காமல் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் வருவார்கள்.

வேலை போனவர், குடும்பம் முறிந்தவர், சிறையிலிருந்து வெளியே வந்தவர், சிறு வயதில் அந்தக் கடற்கரையில் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்த நினைவில் வருபவர். இவர்கள் எல்லாரும் நாட்டின் மற்ற ஊர்கள் கைவிட்டவர்கள். அவர்களை அங்கே தள்ளிவிட்டு, பிறகு கேமராவோடு போய்ச் சிரிக்கிறார்கள்.

நான் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்பார்கள். சரி, ஆய்வைப் பாருங்கள். 2003இல் பீட்டி, ஃபாதர்கில் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனின் 43 கடற்கரை ஊர்களை ஆராய்ந்தார்கள். 1971 முதல் அந்த ஊர்களில் வேலைகள் கூடியிருந்தன. வந்து சேர்ந்த மக்கள்தொகை அதைவிட வேகமாகக் கூடியதுதான் சிக்கல். 2019 அரசுப் பட்டியலில் இங்கிலாந்தின் மிக வறிய பத்துக் குடியிருப்புப் பகுதிகளில் எட்டு பிளாக்பூலில் இருந்தன. முதலிடம் கிழக்குக் கடற்கரையில் கிளாக்டன் பக்கத்து ஜேவிக்குக்கு. 1930களில் லண்டன்காரர்கள் கோடையில் வந்து தங்கக் கட்டிய சிறு வீடுகள் அவை, குளிர்காலத்தில் குடியிருக்கக் கட்டியவை அல்ல. அங்கும் காரணம் வீடுதான்.

"மார்கேட்டைப் பாருங்கள், மாறிவிட்டதே" என்பார்கள். தென்கிழக்குக் கடற்கரை ஊர் அது. 2009இல் லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து அதிவேக ரயில், 2011இல் டர்னர் கலைக்கூடம். நல்ல விஷயங்கள், சந்தேகமில்லை. வீட்டு விலை ஏறியது. கோடையில் ஓட்டலில் தட்டு கழுவும் பிள்ளைக்கு அதே ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை, சுற்றுலாவுக்கு வரும் சில நாள் விருந்தாளிக்குத்தான் கிடைக்கிறது. இதை மீட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

தென்கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸின் கடற்பாலம் இன்னும் வேதனை. 2010இல் எரிந்தது. ஊர் மக்கள் பங்கு வாங்கிப் பணம் போட்டார்கள், லாட்டரி நிதியும் வந்தது, 1.42 கோடி பவுண்டு செலவில் 2016இல் திறந்தது. 2017இல் நாட்டின் உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டெர்லிங் பரிசு. அடுத்த மாதமே, பாலத்தை நடத்திய அறக்கட்டளை திவால் நிர்வாகத்துக்குப் போயிற்று, பிறகு பாலம் தனியார் கைக்கு. அலை ஏறி இறங்கும் உயரத்தில் இரும்புக்கால் ஈரமும் காற்றும் மாறி மாறிப் பட்டு வேகமாக அரிக்கும், வருடா வருடம் செலவு வைக்கும். கட்டுவதற்கு மானியம் தருவார்கள், காப்பதற்குத் தர மாட்டார்கள்.

"பிரெக்ஸிட்டுக்கு 67.5 சதவீதம் வாக்குப் போட்ட ஊருக்கு என்ன பரிந்து பேசுகிறீர்கள்?" போட்டார்கள். எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. அதற்காக ஒரு வயதான அம்மாவின் முகத்தைக் கேட்காமல் படமெடுத்து உலகத்துக்கே காட்டலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்பத்து மூன்று இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு பிரிட்டனுக்கு வந்த நம் ஆட்களில் எத்தனை பேர் இதே மாதிரி ஒற்றை அறையில், பங்குக் குளியலறையில், காசு போட்டு ஓட்டும் மீட்டரோடு வாழ்க்கையைத் தொடங்கினார்கள்? லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் அந்த அறைகள் இருந்தன. அப்போது யாராவது வாசலில் நின்று நம் பெரியவர்களைப் படமெடுத்துச் சிரித்திருந்தால் நாம் தாங்கியிருப்போமா?

பிளாக்பூல் கவுன்சில் 2015இல் தானே ஒரு வீட்டு நிறுவனம் தொடங்கி, பழைய விடுதிகளை வாங்கி, முழு வீடுகளாக மாற்றி வாடகைக்கு விடுகிறது. பத்து ஒற்றை அறைகளை உடைத்து மூன்று நான்கு நல்ல குடியிருப்புகள். மெதுவாக நடக்கும், காணொளிக்கு லாயக்கில்லாத வேலை. மருந்து அதுதான்.

பிளாக்பூல் கடற்கரைச் சாலையில் ஆண்டுதோறும் ஏற்றும் விளக்கலங்காரம் பார்க்கப் போகிறோம் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். ஆகஸ்ட் கடைசியில் ஏற்றினால் இப்போது ஜனவரி வரை எரிகிறது, பத்துக் கிலோமீட்டர் நீளம். காரில் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பாதீர்கள். வார நாளில் இரண்டு இரவு தங்குங்கள், கூட்டமும் குறைவு. குடும்பம் நடத்தும் சிறு விடுதியாகப் பார்த்து, முன்பதிவுத் தளம் வழியாக இல்லாமல் நேரடியாகத் தொலைபேசியில் கேளுங்கள். தளத்துக்குப் போகும் பதினைந்து சதவீதம் அந்த வீட்டில் நிற்கும். மாடிப்படி ஏற முடியாத பெரியவர்கள் இருந்தால் தரைத்தள அறை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பல வீடுகளில் மின்தூக்கி கிடையாது.