கலைவாணரை வள்ளல் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டே நிமிடத்தில் பேச்சு அவர் வாரி வழங்கிய கதைகளுக்குப் போய்விடுகிறது. இல்லையென்றால் சீர்திருத்தக் கருத்துகளுக்கு. இரண்டும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்ததையும் சொன்னதையும் பேசிப் பேசியே, அந்த மனுஷன் எப்படிச் சிரிக்க வைத்தார் என்பதை விட்டுவிட்டோமே என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை ‘நல்லதம்பி’யில், நந்தனார் கதையை மாற்றி வசனமும் பாட்டுமாக அவர் சொல்லும் கிந்தனார் காலட்சேபத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 1949-ல் வந்த படம், எழுதியது அண்ணா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன், “நந்தனார்னா யாருப்பா?” என்றான். படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன். தில்லைக்குப் போய் நடராஜரைப் பார்க்கத் தவித்த பண்ணையாள், போக விடாத வேதியர், நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று தள்ளிப்போன நாட்கள்.

அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகள் அவர்கள் காதில் ஊறிப்போனவை. தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ 1942-ல்தான் வந்திருந்தது. அந்த ஞாபகத்தின் தோளில்தான் கலைவாணர் தன் கிந்தனை ஏற்றி உட்கார வைக்கிறார். நந்தனுக்குத் தில்லை, கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். வாத்தியாரிடம் அடிபட்டு, சென்னைக்கு ரயிலேறிப் படித்து, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான்.

இதையே இன்னொருவர் செய்திருந்தால் காலட்சேபம் செய்யும் பாகவதரை நையாண்டி செய்து கைதட்டல் வாங்கியிருப்பார். கலைவாணர் அதைச் செய்யவில்லை. அவரே அசல் பாகவதராக நிற்கிறார். வசனத்திலிருந்து பாட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னப் பிசிறு கூடக் கிடையாது. ரயில் வரும் பாட்டைக் கேளுங்கள். உடுமலை நாராயணகவியின் சொற்களே சக்கரம் சுழலும் சத்தத்தைப் போட்டுவிடுகின்றன. வேதியரையும் சேரி மக்களையும் ஒன்றாக ஏற்றிப் போகிற ரயிலே என்று அதைப் புகழும் வரி அந்த ஓட்டத்திலேயே வந்து போகிறது. அங்கே அவர் நிறுத்திப் பிரசங்கம் செய்வதில்லை. நாம் தாளத்தோடு தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே விஷயம் உள்ளே இறங்கிவிடுகிறது. கருத்து இருந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. காது இருந்ததால் நடந்தது.

அந்தக் காது எங்கிருந்து வந்தது? நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர், வில்லுப்பாட்டு மண்ணில் பிறந்தவர். சின்ன வயதிலேயே நாடகக் கொட்டகை, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி. 1936-ல் ‘சதி லீலாவதி’யில் திரைக்கு வரும்போது அவர் கையில் ஒரு முழுத் தொழில் இருந்தது. பிற்பாடு தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தன் குழுவை வைத்துத் தானே உருவாக்கிக்கொண்டதும் அந்தத் தெம்பில்தான்.

அவர் மனைவியும் திரையில் ஜோடியுமான டி.ஏ. மதுரம் அம்மாவைச் சொல்லாமல் இது முடியாது. அவர்கள் ஜோடியில் கெட்டிக்காரத்தனம் பெரும்பாலும் அந்த அம்மாவிடம்தான் இருக்கும். இவர் அசடு வழிவார், அவர் மடக்குவார். சிரிப்பைத் துணைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தான் தோற்று நிற்க எத்தனை நம்பிக்கை வேண்டும்! இன்றைக்கும் நம் படங்களில் இது அரிது.

இதற்கு நடுவில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. நடிகர் தியாகராஜ பாகவதரோடு சிறைக்குப் போய், வழக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் விடுதலை. கிந்தனார் அதற்குப் பிறகு வந்தது. அந்தக் குரலில் ஒரு துளி கசப்பைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை.

மகன் கேட்டதால் 1956-ல் வந்த ‘ராஜா ராணி’யின் சிரிப்புப் பாட்டையும் போட்டேன். அடுத்த வருஷம் ஆகஸ்டில், 48 வயதில், கலைவாணர் இறந்துவிட்டார். அந்தப் பாட்டில் சிரிப்பை ஒரு வாத்தியம் மாதிரி எடுத்து வாசிக்கிறார். இழுக்கிறார், துண்டு துண்டாக உடைக்கிறார், சுருதி மாற்றுகிறார். மூச்சு எங்கே வாங்குகிறார் என்று கவனிக்க நினைத்து மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் சிரித்துத் தொலைத்து அந்த இடத்தைத் தவறவிட்டேன். பையன் இப்போது குளியலறையில் அதைப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறான்.