எந்த நொடி என்று சொல்லுங்கள்

ஒரு விலங்கியல் ஆசிரியரின் பாட வீடியோவைக் கல்விச் செயலி ஒன்று நீக்கிவிட்டது. அந்த விவகாரத்தில் ஏன் வாயே திறக்கவில்லை என்று நேற்றிலிருந்து இன்பாக்ஸில் கேட்கிறார்கள். ஆற அமர எழுதலாம் என்றுதான் இருந்தேன். ‘சமூக விதிமுறைகளை மீறியுள்ளது’ என்ற அதே ஒற்றை வரியை அவர் முறையிட்டபிறகு அந்தச் செயலிக்காரர்கள் இரண்டாம் முறையும் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு ஆறவும் இல்லை, அமரவும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு, மனித இனப்பெருக்கம். 41 நிமிடப் பாடம். புத்தகத்தில் இருக்கும் கோட்டுப்படத்தையே பலகையில் வரைந்து, பாகம் குறித்து நடத்தியது. தூக்கிவிட்டார்கள். காரணம் ‘பாலியல் உள்ளடக்கம்’. எந்த நிமிடத்தில்? எந்தப் படத்தில்? பதில் இல்லை.

விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் தப்பு இருக்கும் இடத்தைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டுத்தான் மதிப்பெண்ணைக் குறைப்பார். சுழிக்காமல் முட்டை போட்டால் பையன் தாளோடு ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிடுவான். நான் கேட்பதும் அவ்வளவுதான். எந்த நொடி என்று சொல்லுங்கள்.

இது நடக்காத காரியமும் இல்லை. பாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் ‘இது எங்கள் பாட்டு’ என்று கைப்பட உரிமை கோரினால், வீடியோவில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நேரம் குறித்தே ஆகவேண்டும் என யூடியூப் 2019 ஜூலையிலேயே விதி போட்டுவிட்டது. பாட்டுக்கு நொடிக்கணக்கு உண்டு. பாடத்துக்குக் கிடையாதாம்.

இப்படிப்பட்ட தளங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ‘யாரோ பார்த்துத்தானே நீக்கியிருப்பார்கள்’ என்று நம்புகிறவர்களுக்காக. முதல் சுற்றில் யாரும் பார்ப்பதில்லை. சில நொடிக்கு ஒரு படமாக உருவி எடுப்பார்கள். பேச்சை எழுத்தாக்குவார்கள். தலைப்பு, தம்ப்நெயில், டிஸ்க்ரிப்ஷன் எல்லாம் சேர்த்து இயந்திரம் மதிப்பெண் போடும். ஒரு வரம்பைத் தாண்டினால் வீடியோ தானாகப் போய்விடும். கொஞ்சம் குறைந்தால் மனிதர்களின் வரிசைக்கு வரும். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் முன்னால் இருப்பது இயந்திரம் மொழிபெயர்த்த இங்கிலீஷ். உடற்கல்வி ஆசிரியர் ‘குண்டு எறிதல்’ நடத்துகிறார் என்று வையுங்கள். 7.26 கிலோ இரும்புக் குண்டு, கழுத்தோடு ஒட்டிப் பிடி, பின்காலை ஊன்று என்கிறார். இதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷாக்கிப் பாருங்கள். வெடிகுண்டு வீசப் பயிற்சி கொடுக்கிறார் மனுஷன்!

சிரிக்காதீர்கள். 2020 ஜூனில் குரோஷியாக்காரர் ஒருவரின் பெரிய செஸ் சேனலை, ‘ஆபத்தான உள்ளடக்கம்’ என்று யூடியூப் ஒரு நாள் முடக்கியது. ஏன் என்று விளக்கம் வரவில்லை. செஸ் பேச்சே காரணமாக இருக்குமோ என்று பார்க்க, கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செஸ் சேனல்களின் ஆறு லட்சத்து எண்பதாயிரம் கமெண்ட்களை வெறுப்புப் பேச்சு வடிகட்டியில் ஓட்டினார்கள். அது மாட்டிவிட்டவற்றில் ஆயிரத்தை எடுத்துக் கையால் சரிபார்த்தால் 82 சதவீதம் வெறும் ஆட்டப் பேச்சு. கறுப்பு, வெள்ளை, தாக்கு, மிரட்டு. செஸ்ஸை வேறு எந்த வார்த்தையில் பேசுவது? 2019இல் ருமேனியாவில் வேலை பார்த்த வரலாற்று ஆசிரியரின் சேனலும் இப்படித்தான் போனது. ஹிட்லர் காலப் பழைய படச்சுருள்களைப் பாடத்துக்காகப் போட்டு வைத்திருந்தார். கூச்சல் எழுந்த பிறகுதான் திரும்பி வந்தது.

‘ஒரு நாளைக்கு எவ்வளவு வீடியோ வருகிறது தெரியுமா, மனுஷனால் முடியுமா’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நியாயம்தான். கொரோனா சமயத்தில் ஆட்களைக் குறைத்து இயந்திரத்திடம் விட்ட யூடியூப், 2020இல் மூன்றே மாதத்தில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல் வீடியோக்களை நீக்கியது. முறையிட்டவற்றில் பாதியைத் திருப்பிப் போடவேண்டி வந்தது. அது உலகத்துக் குப்பையெல்லாம் வந்து விழுகிற இடம். இந்தச் செயலியோ பாடம் மட்டும் ஏற்றும் இடம். பாடத்திட்டத்தின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடக்கூடவா ஆள் இல்லை?

‘குழந்தைகள் பார்க்கிற இடம், பாதுகாப்பு வேண்டாமா?’ வேண்டும். யார் வேண்டாம் என்றது? பாடம் என்று பெயர் வைத்துக் கண்டதை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்குங்கள், கைதட்டுகிறேன். ‘அவன் இடம், அவன் விதி’ என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் வாடகை வீட்டில் குடியிருந்ததில்லை போல.

இப்போது செயலிக்காரர்கள் சமரசம் பேசுகிறார்களாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தித் திருப்பித் தருவார்களாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பதினேழு ஐயா! யாருக்காக எடுத்த பாடமோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் பார்க்கலாம்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தினார்கள்? ‘இதை வீட்டில் படிச்சுக்கோங்க’ என்று பக்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போன வகுப்புகள்தான் அதிகம். பின் பெஞ்சில் கிசுகிசுத்துச் சிரித்தவர்களிடம்தான் பலரும் கற்றுக்கொண்டார்கள், அதுவும் தப்பும் தவறுமாக. கூச்சப்படாமல் ஒருவர் நின்று நடத்தினார். அவருக்குக் கிடைத்த பெயர் ஆபாசம்.

வீடியோ போடும் ஆசிரியர்களுக்கு: முதல் அரை நிமிடத்திலேயே வகுப்பு, பாடம், பக்க எண்ணை வாயால் சொல்லுங்கள், அதையே டிஸ்க்ரிப்ஷனின் முதல் வரியிலும் எழுதுங்கள். தம்ப்நெயிலில் நிழற்படம் வேண்டாம், பாகம் குறித்த கோட்டுப்படம் போதும். தானாக வரும் சப்டைட்டிலை நம்பாதீர்கள், தமிழில் அது உளறும். நீங்களே தட்டச்சு செய்து ஏற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அவர்கள் நீக்கிய வீடியோவைத் தலைப்பு மாற்றி மறுபடி ஏற்றவே கூடாது, ஏமாற்றப் பார்த்ததாக இன்னொரு குற்றம் சேரும். யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (விதி மீறியதாகப் பதியும் குற்றப் புள்ளி) விழுந்தால் சேனலே போய்விடும். சிக்கிய வீடியோவை நீங்களே நீக்கினாலும் ஸ்ட்ரைக் போகாது. முறையீட்டில் கோபத்தைக் கொட்டாதீர்கள் (நான் இங்கே கொட்டுகிறேன், அது வேறு). ‘12:40இல் வரும் படம் பாடநூலின் இன்ன பக்கத்துப் படம்’ என்று எழுதி, அந்தப் பக்கத்தையும் இணையுங்கள்.

அந்த விலங்கியல் ஆசிரியரும் அப்படித்தான் எழுதியிருந்தார். நிமிடமும் நொடியுமாக, பதினான்கு இடங்கள். அவர்கள் சுழித்திருக்க வேண்டியதை அவரே சுழித்துக் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் அந்த ஒற்றை வரி திரும்பி வந்தது. அதே படங்களோடு பாடநூல் அரசுத் தளத்தில் கிடக்கிறது. வயது கேட்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.