மாமிக்கு 1080 வேணுமாம்

வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். நேரலை என் பொறுப்பு. "எங்களிட்ட 100 எம்பி லைன் இருக்கு தம்பி" என்று மண்டபக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். 100 எல்லாம் இறக்கத்துக்குத்தான் (டவுன்லோட்) ஐயா. நேரலைக்கு வேண்டிய ஏற்றத்தை (அப்லோட்) சோதித்தால் 6. அதுவும் வெறும் மண்டபத்தில். சனம் வந்து வைஃபையில் ஏறியதும் 3.

நானோ 1080 என்கிற முழு எச்டி படத்துக்கென்று பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, 4500 கேபிபிஎஸ் (4.5 எம்பி) வைத்திருந்தேன். ஏற்ற வேகத்தில் பாதி, மிஞ்சினால் முக்கால்தான் வைக்க வேண்டும் என்று தெரியாதா? தெரியும். டொரொண்டோ மாமி "போன முறை மங்கல்" என்று சொல்லிவிட்டாரே!

சரியாகக் கெட்டிமேளம் கொட்டும்போது நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸின் மூலையில் இருந்த பச்சைக் கட்டம் சிவப்பானது. விடுபட்ட பிரேம்கள் நூறு, இருநூறு என்று ஏறுகின்றன. ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, 1080இலிருந்து குறைப்போம் என்றால் நேரலையை நிறுத்த வேண்டும். தாலி கட்டும்போதா? பிட்ரேட்டை மட்டும் 2000க்கு இறக்கினேன். கட்டம் பச்சையானது, ஆனால் படம் போனது. பூவும் அட்சதையும் பறக்கிற காட்சியைப் போல படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடருக்கு எமன் வேறில்லை; ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக அசைகிறது, கொடுக்கப் பிட் இல்லை. மாப்பிள்ளையின் முகம் நாலைந்து சதுரங்களாகப் போனது.

அப்புறம் என் போன் டேட்டாவில் 720க்கு மாற்றி, 2500இல் ஓட்டினேன். மணிக்கு 1 ஜிபிக்கு மேல், என் காசு. படம் கண்ணாடி மாதிரி.

அதற்குள் எல்லோரும் பந்தியில். மாமி வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "தம்பி, தாலி கட்டியாச்சோ?"