மேல் மாடியில் இருந்தவருக்கு வந்த பெரியம்மை
1918-ல் உலகெங்கும் பரவி கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற ஃப்ளூ வைரஸை 2005-ல் அமெரிக்காவில் ஆய்வுக்காக மீண்டும் உருவாக்கியபோது உயர் பாதுகாப்பு ஆய்வகம் இருந்தது, அதனால் ஆபத்தே இல்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்ததைப் பாருங்கள். சோமாலியாவில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி நோயாளி குணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜேனட் பார்க்கர் மருத்துவக் கல்லூரியில் புகைப்படக்காரர். வைரஸ் ஆய்வுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் அவர் வேலை பார்த்த இடம் பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல் மாடி. ஆகஸ்டில் காய்ச்சல், அப்புறம் கொப்புளங்கள். சின்னம்மை என்றுதான் முதலில் நினைத்தார்கள். செப்டம்பர் 11-ல் இறந்துபோனார். அவருடைய அம்மாவுக்கும் தொற்றியது, நல்லவேளை, அவர் பிழைத்தார். வைரஸ் எந்த வழியாக மேலே போனது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. "அதெல்லாம் அந்தக் காலம்" என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரி, 2004-க்கு வருவோம். சீனாவின் பெய்ஜிங்கில் ஓர் ஆய்வகத்திலிருந்து சார்ஸ் என்ற கடுமையான சுவாச நோயின் வைரஸ் வெளியேறியது. செயலிழந்துவிட்டதாக நம்பிக் கையாண்ட வைரஸில் உயிர் இருந்திருக்கிறது. தொற்றிய ஆய்வாளர் ஒருவர் பிழைத்துவிட்டார், அவரைப் பக்கத்திலிருந்து கவனித்த தாய் இறந்துவிட்டார். அந்தத் தாயிடம் யார் அனுமதி கேட்டார்கள்? 1918 வைரஸ் ஏன் அவ்வளவு கொடியது என்பது அந்த ஆய்வால் ஓரளவு புரிந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வு வேண்டுமா என்பதை அதைச் செய்பவர்களும் அதற்குப் பணம் கொடுப்பவர்களும் மட்டுமே முடிவு செய்யக் கூடாது. சம்பந்தப்படாத வல்லுநர்களும் தொடங்குவதற்கு முன்பே பரிசீலிக்க வேண்டும், சின்னக் கசிவாக இருந்தாலும் உடனே வெளியில் சொல்ல வேண்டும்.