எக்ஸ்பல்ஸ்: லோயரிங் லிங்க் வாங்கும் முன்

கரடுமுரடான பாதைக்கென வந்த ஹீரோ பைக்கான எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் 825 மி.மீ. சீட் உயரம் புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒத்துவராது, லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனில் மாட்டி வண்டியைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) போட்டால் சரியாகிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த யோசனைதான் வம்பு. லிங்க் பின்பக்கத்தை மட்டுமே இறக்கும். முன்ஃபோர்க் சாய்வு கூடி ஹேண்டில் மந்தமாகும். தாழ்ந்த வண்டிக்கு சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போவதால் வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும், லேசான சரிவிலேயே வலப்பக்கம் கவிழும். 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸும் குறையும், பிறகு இந்த வண்டி எதற்கு? முதலில் காசில்லாத வேலையைப் பாருங்கள். பின் மோனோஷாக்கின் (ஒற்றை ஷாக் அப்சார்பர்) ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தைக் குறைத்தால், உட்காரும்போது ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். நிறுத்தும்போது இரண்டு காலும் ஊன்ற வேண்டியதில்லை. இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது கால் மட்டும் தரையில், வலது கால் பின்பிரேக்கில். சாலை சாய்வாக இருந்தால் மேடான பக்கத்துக் காலை ஊன்றுங்கள். அந்தக் கட்டுரை தொடாத விஷயம் டியூப். ஸ்போக் வீல், டயருக்குள் டியூப் உண்டு என்பதால் டியூப்லெஸ் பிளக் கிட் இங்கே உதவாது. டயர் லீவர், பேட்ச், கைப்பம்பு அவசியம். மாற்று டியூப் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் முன்பக்க 21 அங்குல டியூபை வையுங்கள்; அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்திலும் மடித்துத் திணிக்கலாம், மறுவழி நடக்காது. டியூபை நுழைக்கும் முன் உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடியுங்கள். தட்டையாக விட்டால் டயரின் கடைசிப் பகுதியை ஏற்றும்போது லீவரே அதைக் கடித்துப் புது ஓட்டை போட்டுவிடும்.