பசும்பாலில் தண்ணீர் கலக்காதீங்க

"பிறந்த நாய்க்குட்டிக்குப் பசும்பாலில் பாதி தண்ணி கலந்து சங்கில் ஊத்துங்க"ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். தப்புங்க. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட ரெண்டு மடங்குக்கு மேல். அந்தப் பசும்பாலையும் நீர்த்துப்போக வச்சா குட்டி காஞ்சு போகும். தாய் பால் கொடுக்கலைன்னா கால்நடை மருந்துக்கடையில் குட்டிகளுக்கான பால்பவுடர் கேளுங்க.

அதுக்கும் முன்னாடி சூடு. தேன்கனிக்கோட்டை பக்கத்து மார்கழிக் குளிரில் சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் செரிக்கவே செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுத்திப் பக்கத்தில் வச்சு, உடம்பு கதகதப்பான பிறகே ஊட்டணும். குப்புற வச்சு, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதரம். மல்லாத்திச் சங்கில் ஊத்தினா பால் நுரையீரலுக்குப் போயிடும். மூக்கில் பால் வந்தா உடனே நிறுத்துங்க. ஊட்டினதும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்பக்கம் தடவிவிடணும், இல்லேன்னா மூத்திரம் போகாது.