தைப்பூசத்தன்றே பழனியில் இருந்தாக வேண்டுமா?

தை பிறந்தால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிடும். மதுரையிலிருந்து பழனிக்கு நடை, எங்களுக்கு நாலு நாள் ஆகும். என்றைக்குக் கிளம்புவது என்றுதான் எல்லாரும் பேசுவார்கள். நான் சொல்வது, மலையேறும் நாளை முதலில் குறியுங்கள், அப்புறம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

பூசத்தன்று போய்ச் சேர்ந்தோம் ஒரு வருஷம். ஒட்டன்சத்திரம் வரை ஆட்டமும் பாட்டும்தான், மலையில் ஏழு மணி நேரம் வரிசை. மாமா தடுப்புக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றபடியே தூங்கினார். என் குதிகால் கொப்புளம் உடைந்து பிளாஸ்திரி நழுவித் தொங்க, பின்னால் வந்தவர் சரியாக அதன்மேலேயே மிதித்தார். கடைசியில் சன்னிதியில் நான் பார்த்தது முன்னால் நின்றவரின் சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத்தான். கையெடுப்பதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள்.

சரி, அடுத்த வருஷம் நாலைந்து நாள் முன்னாடியே போவோம் என்று போனால் அங்கே கிருத்திகைக் கூட்டம். கிருத்திகை என்கிற கார்த்திகை நட்சத்திரம் கழிந்து ஐந்தாவது நட்சத்திரம்தான் பூசம், அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை பாருங்கள். இன்னும் முன்னாடி என்றால் பொங்கல் லீவும் சபரிமலை போய்வரும் ஐயப்பமார் வண்டிகளும்.

அதனால் பூசம் கழிந்து போவதுதான் என் கட்சி. பத்து நாள் திருவிழாவில் ஏழாம் நாள் பூசத் தேர், பத்தாம் நாள் தெப்பம். தெப்பமும் முடிந்தபின் சனி, ஞாயிறு இல்லாத ஒரு நாளில் ஏறினோம். மாலை சாயரட்சைப் பூஜையில் ராஜ அலங்காரத்தை நின்று நிதானமாகப் பார்த்தோம், மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில் கஷ்டமும் உண்டு. அன்னதானப் பந்தலைப் பிரித்திருப்பார்கள், தண்ணீர் நாமே சுமக்க வேண்டும். ரோட்டில் நடக்கிற ஆட்கள் குறைவு என்பதால் வண்டிக்காரர்கள் கவனிக்க மாட்டார்கள், இரவில் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டாமல் நடக்காதீர்கள்.

"பூசத்துக்குப் போகாத நடை என்ன நடை?" என்பது அத்தையின் கேள்வி. எடப்பாடிக்காரர்களைக் காட்டினேன். தலைமுறை தலைமுறையாக அவர்கள் பூசம் முடிந்துதான் காவடியோடு வருகிறார்கள், டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள், மலைமேல் இரவு தங்கும் உரிமையே அவர்களுக்கு இருக்கிறது. (அவர்கள் தங்கும் நாளை மட்டும் விசாரித்துத் தவிர்த்துவிடுங்கள், அதுவும் பெருங்கூட்டம்.)

2026-ல் பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. திங்கள் கிளம்பினால் வியாழன் இரவு அடிவாரம், வெள்ளி விடியலில் மலை. அத்தை ஒரு வழியாகச் சம்மதித்தார், ஞாயிறன்று எங்கள் தெருக்கோயிலில் எல்லாரும் பால்குடம் எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம்.